அய்யாத்துரை கலர் லேப்

குழந்தை பச்சையாக வந்திருந்தது.

அய்யாத்துரை அந்தப் போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தான். ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் அப்படித் தெரிகிறதோ என்று ஒரு நப்பாசை. சாயங்கால வெயிலிலும் பச்சைதான். முதல் பிறந்தநாளுக்கு மொட்டை அடித்து, பட்டுச் சட்டை போட்டு, கேக்குக்கு முன்னால் உட்கார வைத்த குழந்தை. மொட்டைத் தலை இளம்பச்சை. கன்னம் அதைவிடக் கொஞ்சம் முற்றின பச்சை.

பாயில் படுத்திருந்த மாரிமுத்து எட்டிப் பார்த்தான்.

"ஏலே, இது பிள்ளையா, சுரைக்காயா?"

"சும்மா கிடல."

"கண்ணு மூக்கெல்லாம் இருக்கேன்னு கேட்டேன்."

"நாளைக்குக் காலைல பஸ்ல குடுக்கணும். வாக்கு குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

தெரிந்துகொண்டே கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று அய்யாத்துரை வைத்திருந்தான். பிரிண்டரின் கிளீனிங் பட்டனை மறுபடி அழுத்தினான். அது உள்ளுக்குள் முனகிக்கொண்டு இப்படியும் அப்படியும் நகர்ந்து, தொண்டையைச் செருமிவிட்டு அடங்கியது. அடுத்த குழந்தை இன்னும் பச்சையாக வந்தது.

இருவரும் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்கள். ஒரகடத்தில் காருக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை. மாரிமுத்து அசெம்பிளி லைனில், அய்யாத்துரை மெயின்டனன்ஸில். படப்பையில் கோவிந்தம்மா வீட்டு மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள்.

கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்த காலமெல்லாம் அய்யாத்துரையிடம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் கேட்டு உயிரை வாங்கினார்கள். கான்ட்ராக்டர் மாறினால் போட்டோ, கேட் பாஸ் தொலைந்தால் போட்டோ. ஒரு நாள் நானே மெஷின் வாங்கிவிடுகிறேன் பார் என்று சபதம் போட்டிருந்தான். வேலை நிரந்தரமான மாதம் தாம்பரத்துக்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டரும், அச்சு, ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்கிற ஆல்-இன்-ஒன் பிரிண்டரும் வாங்கி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். நிரந்தரமானவனிடம் இனி யாரும் போட்டோ கேட்கப்போவதில்லை என்பதை மாரிமுத்துதான் எடுத்துச் சொன்னான். அதற்குள் மெஷினைப் பிரித்தாகிவிட்டது.

ஆனாலும் வாங்கியது வீண்போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் மாரிமுத்து அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டு வந்த முதல் நாளே, முன்பக்கம் பெண்கள் சீட்டிலிருந்து ஒரு குரல் திரும்பிக் கேட்டது.

"கலர் நல்லா வருமாணா?"

மதிவதனி. குவாலிட்டி செக்ஷன். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். காலையில் படப்பைக்கு பஸ் வரும்போதே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் அய்யாத்துரை இறங்கும்போதும் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸோடு சேர்த்தே கம்பெனி அவளையும் வாங்கிவிட்டதோ என்று அவனுக்குச் சில சமயம் தோன்றும்.

"வரும்ங்க" என்றான் அய்யாத்துரை. பஸ்ஸில் அவளோடு அவன் பேசிய முதல் சொல் அது.

மறுநாள் ஒரு பென் டிரைவ் கைமாறிக் கைமாறிப் பின்சீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கடுத்த நாள் போட்டோக்கள் உறையில் போட்டுக் கைமாறிக் கைமாறி முன்சீட்டுக்குப் போயின. வாரம் ஒரு தடவை இப்படி நடந்தது. காதுகுத்து, கிரகப்பிரவேசம், வளைகாப்பு என்று அவளுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் விசேஷம் ஓயவே இல்லை. அய்யாத்துரைக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அவள் வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணா' போடுவதில்தான் ஆட்சேபணை. இந்தப் பக்கத்துப் பெண்கள் கண்டக்டர், செக்யூரிட்டி, டீக்கடைக்காரர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் சொந்தம் ஒன்றும் கிடையாது என்று மாரிமுத்து சமாதானம் சொல்லியிருந்தான். இருந்தாலும் கேட்கும்போதெல்லாம் சுருக்கென்றது.

பிரிண்டர் ஓடுகிறவரை பென் டிரைவ் வரும். பென் டிரைவ் வருகிறவரை அவள் திரும்பிப் பார்ப்பாள். அய்யாத்துரையின் கணக்கு அவ்வளவுதான். அதனால் அந்தப் பிரிண்டரை அவன் கண்ணாகப் பார்த்துக்கொண்டான். மெஷின் கெட்ட பிறகு பார்ப்பது மெயின்டனன்ஸே அல்ல, கெடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் அவனுக்குப் பாடம். ஷிஃப்ட்டுக்குக் கிளம்புமுன் ஒரு கிளீனிங். வந்ததும் ஒரு கிளீனிங். ஞாயிற்றுக்கிழமை விசேஷமாக. அந்தப் பிரிண்டர் அச்சடித்ததைவிடக் குளித்ததுதான் அதிகம்.

"ஏலே" என்றான் மாரிமுத்து. பிரிண்டரோடு வந்த புத்தகத்தைப் படுத்தபடியே புரட்டிக்கொண்டிருந்தான். "கிளீனிங் பண்ணுனா மை செலவாவும்னு போட்டிருக்கான்ல."

"எங்க?"

"படம் வரைஞ்சே காட்டியிருக்கான். நீ குளிப்பாட்டுத ஒவ்வொரு தடவையும் மையை ஊத்தித்தான் குளிப்பாட்டுத. சிவப்பு மை மொத்தமும் போச்சு. அதான் பிள்ளை பச்சையா வருது."

அய்யாத்துரை பிரிண்டரைப் பார்த்தான். அது இன்னொரு குளியலுக்குத் தயாராகப் பச்சை விளக்கைக் காட்டியது.

தாம்பரம் கடைக்குப் போன் போட்டான். அந்த மாடலுக்கு கார்ட்ரிட்ஜ் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, வந்ததும் வரும் என்றார்கள்.

"ஸ்டுடியோல குடுத்து வாங்கிருல" என்றான் மாரிமுத்து. "மெஷினா எழுதி வச்சிருக்கு, இது எங்க அச்சடிச்சதுன்னு?"

படப்பை ஸ்டுடியோக்களில் எந்நேரமும் கம்பெனி ஆள் யாராவது நிற்பார்கள். பார்த்தால் பஸ் முழுக்கப் பரவிவிடும். அய்யாத்துரை தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடமாகப் பார்த்து மண்ணிவாக்கத்தில் இறங்கினான். மெயின் ரோட்டிலேயே 'நியூ லைட் ஸ்டுடியோ' என்று ஒரு போர்டு. உள்ளே நரைத்த மீசை வைத்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார்.

பென் டிரைவை வாங்கிப் போட்டார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அய்யாத்துரையைப் பார்த்தார்.

"உன் கொயந்தையா?"

"ஐயோ, எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"அப்ப இது?"

"தெரிஞ்சவங்க பிரிண்ட் போடக் குடுத்தாங்க. எங்கிட்டயே பிரிண்டர் இருக்கு. மை தீந்து போச்சு."

"பிரிண்டர வூட்ல வெச்சிக்கினு இங்க வந்துகிற" என்றார் ஸ்டுடியோக்காரர். நம்பாத மாதிரிதான் சொன்னார். ஆனால் போட்டோவைப் போட்டுக் கொடுத்தார்.

குழந்தை குழந்தை நிறத்தில் இருந்தது.

மறுநாள் மதிவதனி பஸ்ஸிலேயே உறையைப் பிரித்துப் பார்த்தாள். புரட்டினாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். முனையை விரலால் தடவினாள்.

"போன வாட்டிக்கு இந்த வாட்டி சூப்பரா வந்துகீதுணா. இன்னா பண்ணீங்க?"

"கிளீனிங் பண்ணேன்" என்றான் அய்யாத்துரை.

தலையெழுத்து அங்கேதான் மாறியது. போட்டோவின் அழகை மதிவதனி பக்கத்து சீட்டுக்குக் காட்ட, அது அதற்கடுத்த சீட்டுக்குப் போக, இறங்குவதற்குள் ஆளாளுக்கு ஒரு பென் டிரைவை நீட்டினார்கள். பின்சீட்டுக்காரர்கள் 'அய்யாத்துரை கலர் லேப்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அவன் பஸ்ஸில் ஏறினால், "லேப் தெறந்தாச்சு!" என்று ஒரு சத்தம். வாரம் ஒரு தடவை மண்ணிவாக்கம் போனவன், ஷிஃப்ட் முடிந்த கையோடு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓட வேண்டியதாயிற்று.

ஸ்டுடியோக்காரர் மாத்திரம் இரண்டாவது தடவையே வேறு ஆளாக இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்தார்.

"எந்தூரு தம்பி?"

"சங்கரன்கோவில் பக்கம்."

"அப்பா இன்னா பண்றாரு?"

"விவசாயந்தான். மானாவாரி."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா. கட்டிக் குடுத்தாச்சு."

"தண்ணி கிண்ணி போடுவியா?"

"இல்லீங்க."

"பீடி, சிகரெட்டு?"

"மெயின்டனன்ஸ்ல சிகரெட் பிடிச்சா ஆயில் ரூம்ல விட மாட்டாங்க."

ஸ்டுடியோக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். இந்த ஊர்க்காரர்களுக்கு வாய் சும்மா இருக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அய்யாத்துரை டீயைக் குடித்தான்.

இதற்கு நடுவில் ஆயுதபூஜை வந்தது. கம்பெனியில் பிரஸ் மெஷினிலிருந்து சுத்தியல் வரைக்கும் அய்யாத்துரை தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தான். வைத்த கை வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. மையில்லாமல் கிடந்தாலும் அது அவனுடைய மெஷின். நாலு மூலைக்கும் பொட்டு வைத்தான். மூடியைத் திறந்து, நிஜமாக வேலை செய்வது உள்ளே இருப்பதுதானே என்று, ஸ்கேனர் கண்ணாடியின் நடுவில் சாங்கோபாங்கமாக ஒன்று வைத்தான். கற்பூரம் காட்டினான். மறுநாள் வெளியே இருந்த பொட்டையெல்லாம் துடைத்தான். உள்ளே வைத்தது மறந்துபோயிற்று.

பூஜை முடிந்து முதலில் வந்தது பஸ் டிரைவர் ஏசுவடியானின் லைசென்ஸ். கறுப்பு மைக்குக் குறைவில்லாததால் ஜெராக்ஸ் மட்டும் வீட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வரவர அள்ளி உறையில் போட்டு, மறுநாள் காலையில் பெருமையாக நீட்டினான் அய்யாத்துரை.

ஏசுவடியான் ஒன்றை உருவிப் பார்த்தார். பஸ்ஸை நியூட்ரலில் போட்டார்.

"இன்னாபா அய்யாத்தொர, நெத்தில இம்மாம் பெரிய பொட்டு வெச்சி வுட்டுக்கிற?"

"எங்கண்ணே?"

"எங்கயா? பாரு. எல்லாத்துலயும் கீது. ஞாயித்துக்கெயம நான் பாஸ்டர் மூஞ்சில முயிக்க வேணாமா?"

பஸ் குலுங்கிச் சிரித்தது. மதிவதனி எழுந்து வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"லட்சணமாத்தாண்ணா கீறீங்க" என்றாள் டிரைவரிடம்.

"நீ வேற ஏன்மா! எம் பொஞ்சாதி பாத்தா, யாரு வெச்சி வுட்டதுன்னு கேப்பா."

அன்று சாயங்காலம் அய்யாத்துரை கம்பெனியில் இரும்பு அச்சுகளைத் துடைக்கிற தின்னரைக் கொஞ்சம் வாங்கிவந்து கண்ணாடியைத் துடைத்தான். தின்னர் பட்டதும் பொட்டு இளகியது, ஓரத்துக்கு ஓடியது, இடுக்கு வழியாக இறங்கியது. வெளியே இருந்த பொட்டு கண்ணாடிக்கு உள்ளே போய்விட்டது. அதன் பிறகு எதை ஜெராக்ஸ் எடுத்தாலும் குறுக்கே ஓர் ஆறு ஓடியது.

"வெள்ள நிவாரணத்துக்கு மனு குடுக்கவன் வந்தா உபயோகப்படும்ல" என்றான் மாரிமுத்து.

கலர் போயிற்று, ஜெராக்ஸும் போயிற்று. ஸ்டுடியோவை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? தாம்பரத்தில் பாட்டில் மையும் ஊசியும் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வந்தான். மாரிமுத்து டார்ச் பிடிக்க, அய்யாத்துரை காலி கார்ட்ரிட்ஜில் ஊசியைக் குத்தினான். இருந்த மூன்று ஓட்டையில் எது எந்த நிறம் என்பதில் இருவருக்கும் தகராறு. தகராறு முடிவதற்குள் மூன்றிலும் மூன்றும் போய்விட்டது. சோதனைக்குப் போட்ட கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை கத்தரிக்காய் நிறத்தில் வந்தார். பெண்ணைக் காணவே இல்லை. நகை மட்டும் தெரிந்தது.

"கழுவிட்டு மறுபடி ஊத்துவோம்" என்றான் அய்யாத்துரை. கழுவுவதென்றால் அவனுக்கு எப்போதும் தெம்பு வந்துவிடும். கார்ட்ரிட்ஜைக் குழாயடியில் பிடித்து, கையோடு கொட்டிப்போன சிவப்பு பாட்டிலையும் கழுவி ஊற்றினான்.

மாடித் தண்ணீர் கீழே கோவிந்தம்மா பாத்திரம் தேய்க்கிற இடத்தில்தான் வந்து விழும்.

"ஐயோ, ஐயோ! மேல கொல வுயுந்துடுச்சி! யாராச்சும் வாங்களேன்!"

தெரு முழுக்கத் திரண்டு மாடிக்கு ஏறிவந்தது. கதவைத் திறந்தபோது அய்யாத்துரை முழங்கை வரை சிவப்பாக நின்றான். கையில் ஊசி. பின்னால் மாரிமுத்து பாயில் அசையாமல் கிடந்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தவன் அவன். ஆனால் அதைப் பார்த்துச் சொல்லும் நிலையில் கோவிந்தம்மா இல்லை.

"பாவி! சோத்துக்கு ஒண்ணாத்தானேடா உக்காந்தீங்க!"

மாரிமுத்து எழுந்து உட்கார்ந்து, "சாவலக்கா" என்ற பிறகுதான் தெரு கீழே இறங்கியது. கோவிந்தம்மாவின் எவர்சில்வர் குடத்தில் பிடித்த ரோஸ் நிறம் போகவே இல்லை. அந்தக் குடத்தைப் பற்றிய பேச்சும் அந்த வீட்டில் ஓயவே இல்லை.

கழுவிய கார்ட்ரிட்ஜை ஈரத்தோடு மாட்டியதும் பிரிண்டர் ஒரு முறை கீச்சென்றது. எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தது. அய்யாத்துரை ஸ்பானர் செட்டை எடுத்துப் பிரித்தான், மூச்சுப் பிடித்துத் திரும்பப் பூட்டினான். ஒரு ஸ்பிரிங் மிச்சமாகிக் கையில் நின்றது. பிரஸ் மெஷினையே பேச வைக்கிறவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தான். யாராவது பெரியவர்கள் போய்ச் சேர்ந்தால் உட்கார்வது போல.

"விடுல" என்றான் மாரிமுத்து. இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

மறுநாள் பஸ்ஸில் மதிவதனி அவன் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா, மருதாணியா?"

"மெயின்டனன்ஸ்" என்றான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பென் டிரைவை நீட்டினாள். கைமாறி வரவில்லை, அவளே எழுந்து வந்து கொடுத்தாள்.

"இந்த வாட்டி கொஞ்சம் பெருசா வேணும். மாட்டி வெக்கிற மாரி. செவுத்துக்கு."

"எவ்வளவு பெருசு?"

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். காலண்டரைவிடப் பெரியது.

"போட்டுருவோம்" என்றான் அய்யாத்துரை. இறங்கி நடக்கும்போதுதான், அவன் வாங்கிய பிரிண்டரில் சாதாரண வெள்ளைத் தாளுக்கு மேல் அகலமாக எதுவும் நுழையாது என்பது நினைவுக்கு வந்தது. நல்ல காலத்திலேயே நுழையாது.

மண்ணிவாக்கத்தில் சொல்லிச் சுருட்டி வாங்கிவந்து, மறுநாள் பஸ்ஸில் அவள் முன் விரித்தான். வயல் நடுவே யாரோ ஓர் அம்மாள் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம்.

மதிவதனி படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இம்மாம் பெரிய பேப்பரு உங்க பிரிண்டர்ல எப்படிப் போச்சி?"

"குறுக்க விட்டேன்."

"குறுக்கயா?"

"நேரா விட்டாத்தான் போவாது."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரகடம் போய்ச் சேரும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. இறங்கும்போது, "வரேங்க" என்றாள்.

அன்று முழுவதும் லைனில் எந்த மெஷின் நின்றாலும் அய்யாத்துரை விசிலடித்துக்கொண்டு போய்ப் பார்த்தான். 'அண்ணா'வைக் காணோம். பேச்சில் எங்குமே காணோம். சாயங்காலம் மாரிமுத்துவிடம் அதைப் பல முறை சொன்னான்.

ரூமில் ஒட்டுவதற்காக அய்யாத்துரை கூடுதலாக ஒன்று போட்டு வாங்கியிருந்த பெரிய படத்தை மாரிமுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதேபோல் ஒவ்வொரு பிரதி எடுத்து வைத்திருந்த போன வாரத்துப் படங்களையும் பக்கத்தில் வைத்தான்.

"அது சரில. நீ ஒண்ணு பாத்தியா? இந்தப் போட்டோ பூராவும் ஒரே ஆளு எடுத்தது மாதிரிலா இருக்கு."

"என்ன சொல்லுத?"

"வெளிச்சம் ஒரே பக்கத்துல இருந்துதான் வருது. எல்லாரும் ஒண்ணுபோலச் சிரிக்காங்க. யாரோ ஒருத்தன் நல்ல கேமராவும் கையுமா அந்தப் பிள்ளை போற விசேஷத்துக்கெல்லாம் கூடவே போறான். எடுத்து எடுத்து அவ கைல குடுக்கான். யாருல அவன்?"

அய்யாத்துரையின் விசில் அன்றோடு நின்றது.

அடுத்த தடவை ஸ்டுடியோவில் படம் திரையில் வந்தபோது, ஸ்டுடியோக்காரர் வழக்கம்போல டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"படம் எப்டிகீது? நல்லா எட்த்துக்கீறான்ல?"

"என்ன நல்லா எடுத்திருக்கான்? மூஞ்சில பாதி இருட்டு" என்றான் அய்யாத்துரை.

ஸ்டுடியோக்காரரின் டீ உதட்டருகே நின்றது. "அது வந்து... வேணும்னே அப்டி எட்க்கறது. அழகு."

"அழகா? கரண்ட் போனப்ப எடுத்த மாதிரி இருக்கு. கேமரா இருந்தா எவனும் போட்டோகிராபர்னு சொல்லிக்கிடுதான். ஆளும் இந்தப் படம் மாதிரியே கோணலாத்தான் இருப்பான்."

ஸ்டுடியோக்காரர் சுவரில் இருந்த கண்ணாடியில் ஒரு தடவை தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். அன்று இரண்டாவது டீ வரவில்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் பஸ் கூட்டத்தில் நெருக்கியடித்து முன்னால் போய், அய்யாத்துரை உறையைக் கொடுத்துவிட்டுக் கேட்டான்:

"இதெல்லாம் எடுக்குதது யாரு?"

மதிவதனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்து போனது.

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்கு."

"எனுக்கு ரொம்பப் புடிச்சவரு ஒர்த்தரு" என்றாள். "ஏன், பாக்கணுமா?"

"வேண்டாம்" என்றான் அய்யாத்துரை. பின்சீட்டுக்குத் திரும்பி வர அவனுக்கு அவ்வளவு நேரம் அதுவரை ஆனதில்லை.

அன்று அவள் கொடுத்திருந்த பென் டிரைவ் சட்டைப் பையில் கனத்தது. இதுதான் கடைசி என்று முடிவு செய்தான். இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிரிண்டர் செத்துப்போயிற்று என்று உண்மையைச் சொல்லிவிடுவது. பிறகு மாரிமுத்துவை முன்னால் உட்காரவைத்து, தான் கடைசி சீட்டுக்குப் போய்விடுவது.

மண்ணிவாக்கத்தில் இறங்கும்போது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோக்காரர் தனியாக இருந்தார். கோபம் ஆறியிருந்தது போல. ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

"வா தம்பி. இன்னா, மூஞ்சியே செரியில்ல?"

"இனிமே வர மாட்டேங்க. இதான் கடைசி."

"ஏன்? வேற ஸ்டுடியோ பாத்துட்டியா?"

அய்யாத்துரைக்கு அந்த ஊரில் மனம்விட்டுப் பேச வேறு ஆள் இல்லை. மாரிமுத்துவிடம் சொன்னால் சிரிப்பான். இந்த மனிதரை இனிப் பார்க்கப்போவதும் இல்லை. மடமடவென்று சொல்லிவிட்டான்.

"எங்கிட்ட இருக்க பிரிண்டர் செத்து ரொம்ப நாளாச்சு. அது இருந்தப்பவும் பச்சைப் பச்சையாத்தான் வந்துச்சு. எங்க பஸ்ல ஒரு பொண்ணு. அவ பிரிண்ட் கேட்டா, நான் போடுதேன்னுட்டேன். அப்புறம் இல்லன்னு சொல்ல வாய் வரல. நீங்க போட்டுக் குடுத்ததையெல்லாம் நான் போட்டதுன்னு அவகிட்டப் பொய் சொல்லி வச்சிருக்கேன். அவ இவ்வளவு நல்லா வந்திருக்கேன்னு சந்தோசப்படுவா. அதைப் பாக்கதுக்காகத்தான் இவ்வளவு ஓட்டமும்."

"செரி" என்றார் ஸ்டுடியோக்காரர். "அதுக்கு ஏன் கடேசின்ற?"

"அவளுக்குப் பிடிச்சவன் வேற ஒருத்தன் இருக்கான். இந்தப் போட்டோவெல்லாம் எடுக்குதானே, அவன்தான். ரொம்பப் பிடிச்சவர்னு அவ வாயாலயே சொல்லிட்டா." அய்யாத்துரை மூக்கை உறிஞ்சினான். "அன்னைக்கு அவனைப் பத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொறாமைல சொன்னது. நெசத்தைச் சொல்லணும்னா நல்லாத்தான் எடுக்கான். அந்த நாத்து முடிப் படத்தை நாங்க ரூம்லயும் ஒட்டி வச்சிருக்கோம்."

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மீசைக்குக் கீழே ஏதோ வந்து வந்து போயிற்று. பிறகு பென் டிரைவை வாங்கிச் செருகாமலேயே, கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் திறந்தார். காதுகுத்து, கிரகப்பிரவேசம், வளைகாப்பு, மொட்டைத் தலைக் குழந்தை, நாற்று முடியோடு சிரித்த அம்மாள் என்று வரிசையாகத் திரை நிறைந்தது.

அய்யாத்துரை திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இத்தெல்லாம் எட்த்த கோணலு நான்தான் தம்பி" என்றார் அவர். "ஊர்லேர்ந்து உங்கப்பாவ ஒரு தபா வரச் சொல்லு, வாராவாரம் இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து உனுக்குக் காப்பி போட்டு எடுத்துனு போறது எம் பொண்ணு."